பத்தடி வெளிச்சம்

அக்டோபர் 14, ஞாயிறு

ஜனவரியில் டயர் கடைக்காரர் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக பீரோவுக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டியதற்குக் காரணம் ஜெபராஜின் உத்தரவு. "பாக்குற ஒவ்வொரு கேமராவப் பத்தியும் எழுதி வையில நாயகம். நல்லது, கெட்டது எல்லாம். பொறவு மூணு பேரும் உக்காந்து முடிவு பண்ணுவோம்" என்றான். மருந்துக் கடையில் மாத்திரை கொடுக்கிறவன் டைரக்டர் ஆனால் எல்லாவற்றுக்கும் சீட்டு கேட்கத்தான் செய்வான்.

ஆக, நாங்கள் படம் எடுக்கப் போகிறோம். பத்து நிமிடக் குறும்படம். பொழுது சாயும் நேரத்தில் கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒரு கிழவரின் கதை. கதையும் டைரக்‌ஷனும் ஜெபராஜ். செலவு மொகைதீன், இங்கே கடையநல்லூரில் மொபைல் கடை வைத்திருக்கிறான், வயதில் சின்னவன், ஆசையில் பெரியவன். கேமரா நான். கல்யாணத்துக்கு முன் தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் இருந்தேன். முதலில் லைட் பிடித்தேன், அப்புறம் கல்யாண வீடியோ எடுத்தேன். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன் என்றாலும் கை அந்த வேலையை மறக்கவில்லை. ஜனவரி கடைசியில் திருநெல்வேலியில் போட்டி.

கேமரா எப்படி இருக்கவேண்டும் என்று பேசினோம். டிஜிட்டல் டேப்பாக இருக்கவேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்றி வெட்டி ஒட்டத் தோதாக. தனி மைக் சொருக வழி வேண்டும். ஃபோகஸைக் கையால் திருப்ப முடியவேண்டும். ஜூமில் டிஜிட்டல் ஜூம் என்று போட்டிருந்தால் அதை நம்பக்கூடாது, ஏமாற்று வேலை. எல்லாவற்றுக்கும் மேல், வெளிச்சம் குறைந்த நேரத்தில் படம் தெளிவாக விழவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நான்தான் மேஜையைத் தட்டிச் சொன்னேன்.

மொகைதீன் கடை மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படி ஏமாற்றிவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு. ஊருக்கெல்லாம் சார்ஜர் விற்கிறவனுக்குத் தன் படிக்கட்டில் ஒரு பல்பு மாட்டத் தெரியவில்லை.

அக்டோபர் 17, புதன்

கேமரா ஒன்று. என் பழைய ஸ்டுடியோவில் விற்பனைக்கு வந்திருக்கிறது. தோளில் வைக்கும் பெரியது.

நல்லது: தோளில் உட்கார்ந்தால் ஆடாது. மைக் சொருகலாம். ஃபோகஸ் வளையம் சுகமாகத் திரும்புகிறது.

கெட்டது: வியூஃபைண்டர். நடுவில் பளிச்சென்று இருக்கிறது, ஓரத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஜெபராஜை ஸ்டுடியோ வாசலில் நடக்கச் சொல்லி எடுத்தேன். டி.வி.யில் போட்டுப் பார்த்தால் இடது ஓரத்தில் ஒரு லைட் ஸ்டாண்டும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பையனும் நிற்கிறார்கள். எடுக்கும்போது அவர்கள் இல்லை. ஸ்டுடியோக்காரர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மூலை வரைக்கும் தெரியுதே அண்ணாச்சி" என்றார். விற்கிறவர் அப்படித்தான் சொல்வார். ஜெபராஜும் பார்த்துவிட்டு நன்றாகத் தெரிகிறது என்றான். அவனுக்கு கேமராவைப் பற்றி என்ன தெரியும்?

முடிவு: வியூஃபைண்டர் பழுது. வேண்டாம்.

அக்டோபர் 22, திங்கள்

மழை. சாயங்கால ட்ரிப்பில் ஒரு சைக்கிளை உரசிவிட்டேன். நின்ற சைக்கிள்தான், ஆள் இல்லை. கேரியரில் இருந்த கீரைக்கட்டு ரோட்டில் சிதறியது. கடை வாசலை விட்டு ரோட்டில் நிறுத்தினால் உரசாமல் என்ன செய்யும்? சைக்கிள்காரர் சத்தம் போட்டார், நானும் போட்டேன். வேனுக்குள் பிள்ளைகள் ஜன்னலோரம் கூடி எட்டிப் பார்த்தார்கள்.

இதை ஏன் கேமரா டைரியில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 28, ஞாயிறு

கேமரா இரண்டு. மொகைதீனின் மச்சான் சாகுல் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார். அவர் கொண்டுவந்த ஹேண்டிகேம். உள்ளங்கையில் அடங்குகிறது. பிடித்திருந்தால் விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறார். டிசம்பரில் கிளம்புகிறார்.

கெட்டது: சின்ன லென்ஸ். மைக் சொருக வழியில்லை. வெயிலில் வானம் வெளுத்துப் போகிறது. கையால் ஃபோகஸ் செய்யவேண்டுமென்றால் மெனுவுக்குள் போய் விரலால் தடவிக்கொண்டிருக்க வேண்டும். ஜெபராஜ் இதைப் பார்த்து, பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டுவதை எடுக்கலாம் என்றான்.

நல்லது: பக்கத்தில் ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. அதைத் தள்ளினால் கேமராவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி கிளம்புகிறதாம். பொழுதடைந்து மஃரிப் பாங்கு சொன்ன பிறகு மொகைதீன் வீட்டுப் பின்வாசலில் நின்று தள்ளிப் பார்த்தேன். திரை பச்சையானது. பக்ரீத்துக்கு வளர்க்கும் கிடா படுத்திருந்தது. கயிறு கட்டிய முளை தெரிந்தது. வாளி, துவைக்கிற கல், கல்லில் ஒட்டியிருந்த சோப்புத் துண்டு. எல்லாம் தெரிந்தது. திரையிலிருந்து கண்ணை எடுத்தால் எதுவும் இல்லை. மறுபடி திரையைப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று மொகைதீன் கேட்டான். அடுப்புப் புகை என்றேன். அடுப்பு எரியவில்லை.

"ஒரு வாரம் வச்சிருந்து பாக்கேன்" என்று கேட்டு வாங்கி வந்தேன்.

அக்டோபர் 30, செவ்வாய்

வேனை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாய்க்கால் பாலம், உடைந்த சிலாப், எங்கள் வாசல்படி எல்லாம் அதது இருந்த இடத்தில் இருந்தன. யாரோ "என்ன அண்ணாச்சி, படப்பிடிப்பா?" என்றார்கள். ஆமாம் என்றேன். யார் என்று தெரியவில்லை.

என் மனைவி உலகம்மாள் ஆட்டு ஈரல் வறுத்திருந்தாள். என் தட்டிலும் மகள் நிவி தட்டிலும் வைத்தாள். தனக்கு ரசம் போதும் என்றாள். இந்த மாதம் முழுக்க ஈரல், முருங்கைக்கீரை, பப்பாளி என்று ஒரே கவனிப்பு. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நவம்பர் 2, வெள்ளி

இன்று அப்பா இறந்த நாள். படத்துக்கு மாலை போட்டோம். விளக்கு வைத்த பிறகு அப்பா வாசலைத் தாண்ட மாட்டார். கல்யாண வீடு, துக்க வீடு எதுவானாலும் பகலிலேயே போய்விட்டு வந்துவிடுவார். பெரிய மனுஷத்தனம் என்று ஊரில் சொல்வார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அம்மாவுக்கு அவர் தாய்மாமன். உலகு எனக்கு அத்தை மகள். எங்கள் வீட்டில் வெளியே பெண் எடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை. அதில் ஒரு பெருமை.

ஏன் இதெல்லாம் இப்போது நினைவுக்கு வருகிறது?

நவம்பர் 5, திங்கள்

பள்ளிக்கூடக் கரஸ்பாண்டெண்ட் கூப்பிட்டார். தீபாவளி கழிந்து பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ். முடியும்போது நன்றாக இருட்டியிருக்கும். பிள்ளைகளை நான்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய் விடவேண்டும். "ஒம்ம நம்பித்தான் பெத்தவங்ககிட்ட சொல்லியிருக்கேன். முடியும்லா?"

முடியும் சார் என்றேன்.

வெளியே வந்து வேன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாததால் இதில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

நவம்பர் 6, செவ்வாய்

மத்தியானம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தேன். கடைக்காரரே அசந்துவிட்டார். "ஒங்களுக்குக் கண்ணாடியே வேண்டாமே. எதுக்கும் ஒருதடவ கண் டாக்டர்ட்ட காட்டுங்க, பொழுதடைஞ்சா சரியாத் தெரியலன்னு சொல்லுதீங்கள்லா" என்றார்.

கண்ணில் ஒன்றும் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. வேனின் ஹெட்லைட்டைத்தான் மாற்றவேண்டும்.

நவம்பர் 8, வியாழன். தீபாவளி

நிவி கம்பி மத்தாப்பு சுற்றினாள். வெளிச்சம் இருக்கும் வரை எல்லாம் தெரிந்தது.

நவம்பர் 11, ஞாயிறு

கேமரா மூன்று. சென்னையிலிருந்து ஜெபராஜின் கூட்டாளி கொண்டுவந்தான். குறும்படம் எடுக்கிறவர்கள் கைமாறிக் கைமாறி வந்தது. உள்ளே மூன்று சிப், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. ஃபோகஸ் வளையம், மைக்குக்கு இரண்டு துளை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தனிச் சக்கரம். ஜெபராஜின் முகத்தை ஜன்னலோரம் வைத்து எடுத்தோம். அவன் முகத்தையே பார்க்கும்படி எடுக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் பார்க்கும் பட்டன் இதில் இல்லை.

நான் சண்டை போட்டேன். டேப் ஓடும் ஹெட் தேய்ந்திருக்கிறது என்றேன். பேட்டரி நிற்காது என்றேன். துபாய்க் கேமராதான் நம் கதைக்குச் சரி, கிழவர் இருட்டில் நிற்கிறார், இருட்டைக் காட்டாத கேமரா எதற்கு என்று கத்தினேன்.

"ஏல, படம் முழுக்கப் பச்சப்பசேல்னு பேய்ப்படமா எடுக்கப் போறோம்?" என்றான் ஜெபராஜ். "அந்தி வெளிச்சம் அந்தி மாதிரி இருக்கணும்டே. இருட்டு இருட்டு மாதிரி இருக்கணும்."

"ஒனக்கு என்ன தெரியும் இருட்டப் பத்தி?"

அவன் சிரித்தான். மொகைதீன் சிரிக்கவில்லை. படிக்கட்டு வரை என்கூட வந்தான். நான் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டான்: "அண்ணாச்சி, அந்தக் கேமரா வேணும்னு படத்துக்குத்தான கேக்கிய?"

பின்னே வேறு எதற்கு என்றேன்.

நவம்பர் 13, செவ்வாய்

ஒரு யோசனை தோன்றியது. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனைக் குளத்துக்கரை ரோட்டுக்கு ஓட்டிப் போனேன். பொழுது இறங்கும்வரை காத்திருந்து, டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஹேண்டிகேமை டேப் போட்டு ஒட்டினேன். திரையை என் பக்கம் திருப்பி வைத்தேன். பட்டனைத் தள்ளினேன்.

திரை முழுக்க வெள்ளை. கேமராவின் ஒளி முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பி அதன் முகத்திலேயே அடிக்கிறது.

பிய்த்து எடுத்து, ஜன்னலுக்கு வெளியே வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியை நகர்த்தினேன். நடந்து போகிற வேகம்தான். கொஞ்சம் புல், ஒரு மைல்கல், சைடில் இருக்கிற பள்ளம் தெரிந்தது. அதற்கு அப்பால் திரையில் கறுப்பு. கேமராவோடு வந்த தாளில் இது தெளிவாகப் போட்டிருக்கிறது: இந்த ஒளி பத்தடி தூரம்தான் போகும். இதுவரை நான் அந்தத் தாளைப் பிரிக்கவில்லை.

இடது பக்கத்தில் தட தடவென்று அடி விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். ஒரு பெண்பிள்ளை கம்பால் வேனை அடித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஆடுகள்.

"நாசமாப் போவான்! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? லைட்டப் போட்டுக்கிட்டு நேரா மேல வாரியே! இத்தன உசுரு நிக்கது தெரியலயா?"

"தெரியலம்மா" என்றேன்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கம்பைத் தாழ்த்தினாள். "குடிச்சிருக்கியோ?" என்றாள். குடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை எழுத வேண்டாம்.

நவம்பர் 19, திங்கள்

ஸ்பெஷல் கிளாஸ் முதல் நாள். முன்னால் டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு இரண்டையும் பிடித்துக்கொண்டேன். அது வளைந்தால் வளைந்தேன், நின்றால் நின்றேன். பிள்ளைகள் எல்லோரும் வீடு சேர்ந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

தினமும் அந்த பஸ் அந்த நேரத்துக்குத்தான் போகும். சமாளித்துவிடலாம்.

நவம்பர் 21, புதன்

சிவப்பு விளக்கின் பின்னாலேயே போனேன். பஸ் இடது பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். பஸ் நின்றது. நானும் நின்றேன். யாரோ வந்து என் கதவைத் தட்டி, "எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டான்.

பெட்ரோல் பங்க். பஸ் டீசல் போட வந்திருக்கிறது. பின்னாலேயே நான், வேன் நிறையப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அங்கிள், தூங்கிட்டீங்களா?" நானும் சிரித்தேன். டாங்க் நிறைந்திருந்தும் கொஞ்சம் டீசல் போட்டுக்கொண்டேன். பஸ் போயிருந்தால் போயிருப்பேன், வாய்க்காலுக்குள் என்றாலும்.

நவம்பர் 22, வியாழன்

உலகுவிடம் சொல்லிவிடலாம் என்று அடுக்களை வரை போனேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 24, சனி. திருக்கார்த்திகை

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுத முயல்கிறேன்.

கார்த்திகை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சோதிப்பது என்று ஜெபராஜ் முடிவு செய்திருந்தான். என் வாயை அடைக்கத்தான். அவனும் மொகைதீனும் சாயங்காலமே வந்தார்கள். உலகு பொரி உருண்டையும் இலைக் கொழுக்கட்டையும் கொடுத்தாள். சென்னைக் கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஜெபராஜ் நின்றான். நான் ஹேண்டிகேமைக் கையில் வைத்திருந்தேன்.

நிவிக்குப் பாவாடை சட்டை, தலை நிறையப் பூ. அவள் அகல் விளக்குகளைத் திண்டிலும் படியிலும் வரிசையாக ஏற்றிக்கொண்டே வரவேண்டும். கடைசி விளக்கு தொழுவத்து வாசலுக்கு. அங்கே உலகு தீப்பெட்டியோடு நிற்பாள், அம்மாவும் மகளும் சேர்ந்து ஏற்றுவார்கள். இதுதான் காட்சி. வேறொன்றும் இல்லை.

விளக்கு வரிசை வரைக்கும் நிவி துள்ளிக்கொண்டு வந்தாள். ஜெபராஜ் "அருமை, அருமை" என்று முனகிக்கொண்டிருந்தான். தொழுவத்துப் பக்கம் திரும்பியதும் அவள் நின்றாள். நான் பட்டனைத் தள்ளினேன். திரை பச்சையானது.

நிவி ஒரு கையில் இன்னும் ஏற்றாத கடைசி அகலை வைத்துக்கொண்டு மற்றொரு கையை முன்னால் நீட்டினாள். விரல்களை விரித்தாள். வலது காலைத் தூக்கி, பெருவிரலால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வைத்தாள். மறுபடி காலைத் தூக்கினாள், தொட்டுப் பார்த்தாள், வைத்தாள். கண் அகலத் திறந்திருந்தது. உலகு அவளுக்குக் கை எட்டுகிற தூரத்தில் நின்றாள், தீப்பெட்டியை நீட்டியபடி. நிவி அவளைத் தாண்டிப் போனாள்.

"அம்மா எங்க நிக்க?" என்றாள், மாட்டுத்தொட்டியைப் பார்த்து.

பக்கத்தில் ஜெபராஜ், "இந்தா பக்கத்துலதானம்மா அம்மா நிக்காங்க, தெரியலயா ஒனக்கு?" என்றான். கேமராவைப் பார்த்துச் சொல்லவில்லை. வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது. மொகைதீனுக்கும் தெரிந்தது. அந்த முற்றத்தில் வெறும் கண்ணுக்கு அவள் அம்மா நிற்பது தெரியாதவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி என் மகள். இன்னொருத்தன் கையில் கேமரா இருந்தது.

நான் கேமராவை அணைக்கவில்லை. அணைத்தால் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

நவம்பர் 25, ஞாயிறு

டேப்பை டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். திரும்பச் சுற்றிப் பார்த்தேன். அந்தக் கால். தரையைப் பெருவிரலால் கேட்டுக் கேட்டு வைக்கிற அந்தக் கால். அப்பா கொல்லைக்குப் போகும்போது இப்படித்தான் வைப்பார். நானும் இப்படித்தான் வைக்கிறேன், மொகைதீன் கடைப் படியில்.

உலகு பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"எனக்குத் தெரியும் அத்தான்" என்றாள். "அவளுக்கு ரெண்டு வருசமாவே இப்படித்தான். வெளக்கு வச்சா வாசப்படிக்குக்கூட வரமாட்டா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க ஒங்களப் பத்தியும் சொல்லணும்லா." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "நீங்களா வாயத் தொறக்கட்டும்னு இருந்தேன். ஈரலும் கீரையும் குடுத்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன். ஒங்க தட்டுல மட்டுமா வச்சேன்? அவ தட்டுலயும்தான வச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்பதை வறுவலாகச் செய்து தட்டில் வைத்தாளே தவிர வாயால் சொல்லவில்லையே என்று. கத்தக்கூட வாயைத் திறந்தேன். பெட்ரோல் பங்க் நினைவுக்கு வந்தது. ஊரான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சிவப்பு விளக்கைப் பார்த்து ஓட்டினவன் நான். யாரைப் பார்த்துக் கத்த?

இரண்டு பேரும் அழுதோம். நிவி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். பகல் வெளிச்சம்.

நவம்பர் 26, திங்கள்

காலையிலேயே கரஸ்பாண்டெண்ட் வீட்டுக்குப் போய் வேன் சாவியை மேஜையில் வைத்தேன். இருட்டினால் எனக்குக் கண் தெரியாது, ஓரத்தில் பகலிலும் சரியாகத் தெரியாது என்றேன். மறைக்காமல் முழுதாக வாயால் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய பேத்தி என் வேனில்தான் வருகிறாள்.

"எத்தன நாளா?" என்றார்.

சாவியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 1, சனி

திருநெல்வேலி. கண் ஆஸ்பத்திரி. மூன்று பேரும் போனோம்.

ஒரு இருட்டறையில் கிண்ணம் மாதிரி ஒரு மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தவேண்டும். நான் ஒரு பொட்டையும் விடவில்லை. நடுவில் ரொம்ப நேரம் எதுவுமே வரவில்லை, மிஷின் மக்கர் செய்கிறது என்று நினைத்தேன். முடிந்த பிறகு அந்தப் பெண் தாளைக் காட்டினாள். நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. பொட்டு விடாமல் வந்துகொண்டுதான் இருந்ததாம்.

நிவியின் தாளில் கறுப்பு அவ்வளவு இல்லை. வளையம் மாதிரி ஆரம்பித்திருக்கிறது.

டாக்டர் அம்மா வயதில் சின்னவர். "சாயங்காலம் ஆனா எப்படிம்மா இருக்கும் ஒனக்கு?" என்று நிவியைக் கேட்டார்.

"எனக்கு மட்டும் சீக்கிரம் ராத்திரி ஆயிரும் டாக்டர்" என்றாள் நிவி. "அப்பாவுக்கும்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பற்றி அவளுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

டாக்டர் எங்களைப் பார்த்து, "சொந்தத்துல கல்யாணமா?" என்றார். உலகு தலையை ஆட்டினாள். "அதுக்கு முந்தின தலைமுறையிலயும்?" அதற்கு நான் ஆட்டினேன். இதுவரை எங்களைக் குறை சொல்லி யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவரும் குறை சொல்லவில்லை. எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

விழித்திரை நோய். இப்போதைக்கு மருந்து இல்லை. ஓரம் முதலில் போகும். நடுப்பார்வை பல காலம் நிற்கலாம், எத்தனை காலம் என்று சொல்ல முடியாது. நான் வண்டி ஓட்டவே கூடாது, பகலிலும். நிவி படிக்கலாம், எல்லாம் செய்யலாம், முன் பெஞ்சில் உட்காரட்டும், வருடா வருடம் கூட்டி வாருங்கள்.

"ஈரல் குடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள் உலகு.

"குடுங்கம்மா, நல்லதுதான். ஆனா இதுக்கு அது மருந்து இல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நிவி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். எனக்கு என் கண்ணைப் பற்றிய பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அது இனிமேல் எழுந்து போகாது.

டிசம்பர் 2, ஞாயிறு

கேமரா முடிவு.

மூன்றாவது கேமராவை வாங்கவும். டேப் ஹெட் தேயவில்லை. பேட்டரி நன்றாகவே நிற்கிறது. நான் சொன்னது பொய். ஹேண்டிகேம் நம் படத்துக்கு லாயக்கில்லை.

மொகைதீன் கடை மாடியில் இதை இருவருக்கும் படித்துக் காட்டினேன். மற்றதையும் சொன்னேன்.

"நீ தேஞ்சிருக்குன்னு சொன்னப்பவே நான் நம்பல" என்றான் ஜெபராஜ். மூக்கைச் சிந்தினான். பிறகு டைரக்டர் ஆனான். "பகல் சீன் எல்லாம் நீதான் எடுக்க. அந்தி சீனுக்கு நான் கேமராவப் பிடிக்கேன், நீ பக்கத்துல நின்னு சொல்லு. எங்க வைக்கணும், எப்படித் திருப்பணும்னு. கேட்டியா?"

மொகைதீன், "கடைக்கு வந்துருங்க அண்ணாச்சி. பகல்ல கல்லாவப் பாத்துக்கிடுங்க" என்றான்.

இறங்கும்போது படிக்கட்டு பளிச்சென்று இருந்தது. பெரிய பல்பு. எப்போது மாட்டினாய் என்று கேட்டேன். "நீங்க சுவத்தத் தடவிக்கிட்டு எறங்குனீயள்லா, மறுநாளே" என்றான்.

டிசம்பர் 9, ஞாயிறு

நாளை சாகுல் துபாய்க்குக் கிளம்புகிறார். ஹேண்டிகேமைக் காலையில் கொடுத்துவிட வேண்டும். கார்த்திகை டேப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

விளக்கு வைத்த பிறகு நிவி கேட்டாள்: "அப்பா, அந்தப் பச்சக் கேமராவ ஒருதடவ நான் பிடிக்கட்டா?"

இரண்டு பேரும் முற்றத்துக்குப் போனோம். அவள் கையில் கேமராவைக் கொடுத்து, பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலைப் பிடித்துக் காட்டினேன். தள்ளியதும் அவள் மூச்சை இழுத்தது கேட்டது. "அப்பா! தொழு இருக்கு! அந்தா பூன!" திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எனக்கு எங்கேயோ அவள் குரல் மட்டும் இருந்தது, நடுவில் திரையின் வெளிச்சத்தில் அவள் மூக்கு நுனி இருந்தது.

"நீங்க அங்ஙன போய் நில்லுங்க, எடுக்கேன்."

காலால் தரையைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் போனேன்.

"இன்னும் போங்க. இன்னும். தெரியுது, தெரியுது. சிரிங்கப்பா."

சிரித்தேன். ஒரு எட்டு பின்னால் வைத்தேன்.

"ஐயோ, போகாதீங்க! அங்க போனா நீங்க இல்லப்பா."

நின்றேன். இருட்டில் அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்தது, கேமரா கையில் இருக்கும் வரை. நாளைக்கு அதுவும் இருக்காது.

"அப்பா?" என்றாள். இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை.

குரல் வந்த பக்கம் பார்த்து ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

"ஆங், இப்ப இருக்கிய" என்றாள் நிவி. "அங்ஙனயே நில்லுங்க."